‘போய் சாதகம் பண்ணு’ என்று சொன்னால் போதுமா?

விஜயதசமியன்று பாட்டு கிளாஸில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த விஜயதசமிக்கும் வருகிறார்கள் என்று எந்தப் பாட்டு டீச்சரிடமாவது கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். பாதியில் நின்றுபோனதற்கு வீடுகளில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: “அவளுக்கு இன்ட்ரெஸ்ட் இல்லை.” சேரும்போது துள்ளிக்கொண்டு போன குழந்தைக்கு எட்டே மாதத்தில் ஆர்வம் எப்படி வற்றியது என்று யாரும் விசாரிப்பதில்லை.

வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் கிளாஸ். மற்ற நாட்களில் வீட்டில் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டீச்சர் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். அதை வீட்டில் எப்படி உடைத்து, எத்தனை தடவை, எங்கே நிறுத்திப் பாடுவது என்பது தனி வித்தை. அது கைவராத குழந்தை, நோட்டைத் திறந்துவைத்து மேலிருந்து கீழே ஒருமுறை பாடிவிட்டு எழுந்துவிடும். பாட்டில் முன்னேற்றம் தெரியாது. முன்னேற்றம் தெரியாத எதையும் குழந்தை விரும்பாது. இதைத்தான் நாம் ஆர்வமின்மை என்று எழுதி ஃபைலை மூடிவிடுகிறோம்.

அந்தக் காலத்துக் குருகுலவாசத்தில் கடுமைக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் தண்ணீர் இறைத்தார்கள், துணி துவைத்தார்கள், போட்டதைச் சாப்பிட்டார்கள். அதையெல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொல்வாரில்லை. ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. சீடன் சாதகம் செய்யும்போது குரு அதே வீட்டில் இருப்பார். சுரம் பிசகினால் உள்ளேயிருந்து ஒரு செருமல் வரும். நாகஸ்வரக் குடும்பங்களில் கருவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே பிள்ளையின் காதில் ராகங்கள் ஏறியிருக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி வளர்ந்த மதுரை வீட்டில் அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அப்படிப்பட்ட வீட்டில் சாதகம் என்பது சமையலைப் போல அன்றாடம் நடக்கிற, எல்லோர் காதிலும் விழுகிற வேலை.

இன்றைக்கு நாம் கிளாஸை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி இருந்த துணையை விட்டுவிட்டோம். குழந்தை ஓர் அறையில் சுருதிப் பெட்டியோடு, அப்பா ஹாலில் லேப்டாப்போடு, அம்மா அடுக்களையில். அங்கிருந்தே “சாதகம் பண்ணியாச்சா?” என்ற கேள்வி மட்டும் போகிறது. விட்டுப்போன அந்தத் துணையை வீட்டில் மறுபடி ஏற்படுத்த வேண்டும். அதற்குப் பெற்றோர் சங்கீதம் தெரிந்தவர்களாக இருக்கத் தேவையில்லை.

சரளி வரிசையின் வறட்சி

குழந்தை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கர்நாடக இசைக்குப் பாலபாடம் வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை; பிறகு ஏழு தாளங்களில் அலங்காரம்; அதற்குப் பிறகுதான் மலஹரியில் கீதம். வரிசைகளை மூன்று காலத்தில் பாட வேண்டும்: முதல் காலத்தில் தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு.

வரிசைகளுக்கு மாயாமாளவகௌளையைத் தேர்ந்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. ச-ரி-க-ம என்ற நான்கு சுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் எப்படியோ, ப-த-நி-ச என்ற நான்குக்கும் அப்படியே. முதல் பாதி தொண்டையில் உட்கார்ந்துவிட்டால் இரண்டாம் பாதி பாதி உழைப்பில் வந்துவிடும். இதைக் குழந்தைக்குச் சொன்னால் புரியும். கீபோர்டில் காட்டினால் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளும். “ஏன் இதையே பாடிக்கிட்டு இருக்கணும்?” என்ற கேள்விக்கு “அப்படித்தான் பாடணும்” என்பதைவிட இது மேலான பதில்.

ஆனாலும் வறட்சி வறட்சிதான். மாதக்கணக்கில் வார்த்தையே கிடையாது, கதை கிடையாது, பாட்டிக்குப் பாடிக் காட்ட ஒன்றும் கிடையாது. நிறைய குழந்தைகள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். டீச்சரிடம் பணிவாகக் கேட்கலாம்: “வரிசையோட கூடவே சின்னதா ஒரு பாட்டு சொல்லித்தர முடியுமா, டீச்சர்?” பலர் ஒப்புக்கொள்வார்கள். ஒரு நாமாவளி, எளிய திருப்புகழ் ஒன்று எதுவானாலும் சரி. இதற்கென்றே செய்ததுபோல இருப்பவை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத வரிகள் இட்டார். கமகம் இல்லாமல் நேராகப் பாடக்கூடியவை. அதிலுள்ள ‘சியாமளே மீனாட்சி’ நம் பிள்ளைகள் எல்.கே.ஜி.யில் பாடிய ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டுதான் என்று தெரிந்ததும் ஒரு குழந்தையின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

பாட்டைச் சீக்கிரம் கொடுத்தால் அஸ்திவாரம் போய்விடும் என்று சில ஆசிரியர்கள் கவலைப்படுவார்கள். வரிசைகளை விட்டுவிட்டால்தான் போகும். கூடவே நடந்தால் ஒன்றும் கெடாது.

பதினைந்து நிமிடத்துக்குள் என்ன செய்வது

ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் தாராளம். பத்து வயதில் அரை மணி நேரம் வரை போகலாம். ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் வாரக் கடனை அடைப்பதைவிடத் தினமும் பத்து நிமிடம் பல மடங்கு பலன் தரும். தொண்டைக்கும் விரலுக்கும் இடையிடையே தூக்கம் வேண்டும். நேற்று தடுமாறிய இடம் இன்று காலை தானாக வழுக்கிக்கொண்டு வருவதைப் பாடுகிறவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள்.

‘பத்தாயிரம் மணி நேரம்’ என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர்கள் பற்றிய ஆய்விலிருந்து கிளம்பியது அது. அந்த எண், தேர்ந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி மட்டுமே. எரிக்சன் வலியுறுத்தியது மணியை அல்ல, தவறு இருக்கும் இடத்தைக் குறிவைத்துச் செய்கிற பயிற்சியை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் சாதகத்தில் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை.

தவறு இருக்கும் இடத்தைத் தேடுவதுதான் குழந்தைகள் தானாகச் செய்யாத காரியம். ஆஸ்திரேலியாவில் கேரி மெக்ஃபர்சனும் ஜேம்ஸ் ரென்விக்கும் ஆரம்பநிலைப் பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்வதைப் பல ஆண்டுகள் காணொளியில் பதிந்து பார்த்தார்கள். பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசிப்பதிலேயே போயிற்று. நம் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஐந்தாவது சரளி வரிசையில் ஒரு இடத்தில் மட்டும் தடுக்கும். குழந்தை ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்து கிளம்பி, அதே இடத்தில் தடுக்கி, அதே வேகத்தில் தாண்டிப் போகும். பத்துத் தடவை பாடினால் தவறையும் பத்துத் தடவை பழகிக்கொள்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது இது. முதல் இரண்டு நிமிடம் சுருதியைப் போட்டுக்கொண்டு ச-ப-ச மட்டும், நீளமாக, அவசரமில்லாமல். பிறகு ஒரே ஒரு வரிசை, முதல் காலத்தில், கையால் தாளம் போட்டுக்கொண்டு. எங்கே சிக்குகிறதோ அங்கே நிறுத்தி, அந்த நான்கு சுரத்தை மட்டும் தனியாக எடுத்து, மெதுவாக மூன்று தடவை. மூன்றும் சரியாக வந்தால் முன்னும் பின்னும் சேர்த்துப் பாடலாம். ஒன்று பிசகினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் அவர்களுக்குப் பிடித்த ஏதோ ஒன்றைப் பாடி முடிக்கட்டும், எவ்வளவு பழைய பாடமாக இருந்தாலும். கசப்போடு எழுந்த இடத்துக்கு நாளைக்குத் திரும்ப வருவது கஷ்டம்.

மாயாமாளவகௌளையில் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிக்குவது ரி. அது ச-வுக்கு மிக அருகில் இருக்கும் சுத்த ரிஷபம். தொண்டை அதை மேலே தூக்கவே பார்க்கும். சுருதியோடு ‘ச-ரி-ச’ என்று மட்டும் மெல்லப் பாடிப் பழகினால் சரியாகும். மூன்றாம் காலத்தில் இந்தப் பிசகெல்லாம் வேகத்தில் மறைந்துவிடும். அதனால்தான் பிள்ளைகளுக்கு மூன்றாம் காலம் பிடிக்கிறது. வீட்டுச் சாதகத்தில் வேகத்தை டீச்சர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள்.

மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் இருக்கும் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெரிய தடை. பாதிச் சாதகத்தை வாயாலேயே செய்துவிடலாம். ‘தா தி தொம் நம்’ என்ற முதல் பாடம் தொடங்கி எல்லாச் சொற்கட்டையும் தாளம் போட்டுக்கொண்டு சொல்லிப் பழகுவது மரபிலேயே உள்ள முறைதான். வாயில் தெளிவாக வந்தது கையில் சீக்கிரம் வரும். பள்ளிப் பேருந்திலும் செய்யலாம், பக்கத்தில் உட்காரும் நண்பன் பொறுத்துக்கொண்டால்.

கிளாஸில் டீச்சர் பாடுவதை அவர் அனுமதியோடு போனில் பதிந்துகொள்வது இன்றைய காலம் கொடுத்த பெரிய வரம். வீட்டில் நோட்டைப் பார்த்து மட்டும் பாடினால் சுரம் இருக்கும், பாட்டு இருக்காது. அசைவு எல்லாம் டீச்சரின் குரலில்தான் இருக்கிறது. ஆன்லைன் கிளாஸ் என்றால் இது இன்னும் அவசியம். இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் குருவும் சிஷ்யரும் சேர்ந்து பாட முடியாது. சேர்ந்து பாடிச் சுருதியில் ஒட்டிக்கொள்ளும் அனுபவமே அங்கே இல்லை. பதிவோடு சேர்ந்து பாடினால் அந்தக் குறை ஓரளவு தீரும்.

அடுக்களையிலிருந்து திருத்துவது

ஜப்பானில் ஷினிச்சி சுசுகி (1898–1998) சிறு குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்க ஒரு முறையை உருவாக்கினார். அதில் குழந்தைக்கு முன்னால் தாய்க்கு ஒரு பாட்டு வாசிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அம்மா வீட்டில் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து, ‘எனக்கும் குடு’ என்று குழந்தையே கேட்கும்வரை காத்திருப்பார்கள். பிறகும் பெற்றோர் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, வீட்டில் உடனிருந்து பயிற்சி செய்ய வைக்க வேண்டும். சுசுகியின் முதல் புத்தகம் தொடங்குவதும் அந்த ‘ட்விங்கிள்’ மெட்டில்தான் என்பது தீட்சிதருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

நம்மால் அவ்வளவு தூரம் போக முடியாது. பதினைந்து நிமிடம் போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார முடியும். தாளம் போடத் தெரிந்தால் போதும்: ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு தடவை. அதுவும் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. குழந்தையைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அப்பாவுக்குத் தாளம் தப்பும்போது எட்டு வயதுப் பெண்ணுக்கு வருகிற அதிகாரத்தைப் பார்த்தால், யார் யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே மறந்துபோகும். சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பாடம் இரண்டு தடவை மனதில் ஏறும்.

செய்யக்கூடாதது, தூரத்திலிருந்து திருத்துவது. குழம்பைக் கிளறிக்கொண்டே “சுருதி சேரல!” என்று ஒரு குரல் போனால், அது குழந்தைக்குக் காவல்காரரின் விசிலாகத்தான் கேட்கும். சுருதி சேராதது அதற்கே பல நேரம் தெரியும். எப்படிச் சேர்ப்பது என்றுதான் தெரியாது. உதவ முடியுமென்றால் அருகே வந்து உதவுங்கள். முடியாவிட்டால் டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுங்கள். அதேபோல, “சூப்பர், சூப்பர்” என்று எல்லாவற்றுக்கும் சொல்வதும் சீக்கிரத்தில் செல்லாக்காசாகிவிடும். “நேத்திக்கு அந்த ‘த’ கிட்ட நின்னுட்டே, இன்னிக்கு நிக்கல” என்பது அதைவிட நூறு மடங்கு பெறும்; நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று குழந்தைக்குத் தெரியும்.

நேரத்தைப் பற்றிய சண்டை தினமும் வருவதாக இருந்தால், கடிகார மணியை விட்டுவிட்டு அன்றாடம் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு சாதகத்தை முடிச்சுப் போடுங்கள். சாயங்காலப் பால் குடித்ததும், விளக்கேற்றியதும், காலையில் பல் தேய்த்ததும் என்று ஏதோ ஒன்று. ‘ஆறு மணிக்கு’ என்றால் ஆறேகாலுக்குப் பேரம் தொடங்கும். சுருதிப் பெட்டியும் பாயும் எப்போதும் ஒரே மூலையில் இருக்கட்டும். வயலினைப் பெட்டிக்குள் பூட்டி அலமாரி உச்சியில் வைத்தால் அதை இறக்குவதற்குள்ளேயே பாதி உற்சாகம் போய்விடும். கல்யாணம், காய்ச்சல், பரீட்சை நாட்களில் ச-ப-ச மட்டும் பாடினாலும் போதும் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். முழுக்க விட்ட இரண்டு நாள் இரண்டு வாரமாக நீள்வதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம்.

ஸ்டார், சான்றிதழ், கொலு

சாதகம் செய்தால் சாக்லேட், பத்து ஸ்டாருக்கு ஒரு பொம்மை என்று பல வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் மார்க் லெப்பரும் வேறு இருவரும் 1973-இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. தாமாகவே ஆசையோடு படம் வரையும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லி, அதன்படி கொடுத்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு பரிசு இல்லாத நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. தொடக்கத்தில் உட்காரும் பழக்கம் வர ஓரிரு வாரம் ஸ்டார் ஒட்டுவதில் தப்பில்லை. அதையே வருடக்கணக்கில் ஓட்டினால் பாட்டு கூலிவேலையாகிவிடும்.

பொம்மையைவிட வலுவானது, தேர்ந்தெடுக்கும் உரிமை. ரென்விக்கும் மெக்ஃபர்சனும் கிளாரினெட் கற்ற ஒரு சிறுமியைக் கவனித்தார்கள். ஆசிரியர் கொடுத்த பாடங்களை மேலோட்டமாக வாசித்துவிட்டு எழுந்தவள், தானே விரும்பிக் கேட்டுவாங்கிய ஒரு மெட்டுக்குப் பல மடங்கு நேரம் செலவிட்டாள். தவறிய இடத்தில் நின்றாள், வேகத்தைக் குறைத்தாள், வாசிக்காமல் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். யாரும் சொல்லாமல் தேர்ந்த கலைஞர்கள் செய்வதையெல்லாம் செய்தாள்.

நம் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது சினிமாப் பாட்டாகத்தான் இருக்கும். இருக்கட்டும். மோகனத்தில் ‘வரவீணா’ கீதம் முடித்த பெண்ணுக்கு, ‘அக்னி நட்சத்திரம்’ (1988) படத்தில் இளையராஜா இசையில் சித்ரா பாடிய ‘நின்னுக்கோரி வர்ணம்’ அதே ராகம் என்று காட்டுங்கள். பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்தின் தொடக்கச் சொல்லைத்தான் அந்தப் பாட்டு எடுத்தாள்கிறது என்று தெரிந்தால், பிற்பாடு வர்ணத்துக்கு வரும்போது அது அந்நியமாக இருக்காது. ‘சினிமா பாடினால் குரல் கெட்டுவிடும்’ என்று மிரட்டும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கத்தினால்தான் குரல் கெடும். அது எந்தப் பாட்டாக இருந்தாலும்.

கீபோர்டு, கிட்டார் வகுப்புகளில் டிரினிட்டி போன்ற கிரேடு தேர்வுகள் நடக்கின்றன. ஒரு இலக்கு, ஒரு தேதி, ஒரு சான்றிதழ் என்ற அளவில் பயன் உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் அந்த மூன்று பாடல்களை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, தேர்வு முடிந்த மறுநாள் கீபோர்டுக்குத் துணி போட்டுவிடும். தேர்வுப் பாடத்துக்கு வெளியே மாதம் ஒரு புதுப் பாட்டாவது வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்றால் நவராத்திரி மாதிரி மேடை கிடையாது. ஒன்பது நாளும் வீடுவீடாகக் கொலு. எல்லா வீட்டிலும் “ஒரு பாட்டுப் பாடேன்” என்பார்கள். இரண்டு நிமிடப் பாட்டு, சுண்டல், அடுத்த வீடு. பிசகினால் யாரும் மார்க் போடுவதில்லை. ஒரே கீதத்தை ஏழு வீட்டில் பாடிய பிள்ளைக்கு ஏழாவது வீட்டில் கை நடுங்காது. அதற்கு ஒரு மாதம் முன்பே எந்தப் பாட்டு என்று அதுவே முடிவு செய்யட்டும். மாறாக, முன்னறிவிப்பில்லாமல் வந்த விருந்தாளிக்கு முன்னால் திடீரென்று தள்ளிவிட்டு, பாட மறுத்தால் “கிளாஸுக்குக் காசு கட்டறது தண்டம்” என்று அவர்கள் எதிரிலேயே சொல்வது, குழந்தையைப் பாட்டிலிருந்து விரட்டும் மிக வேகமான வழி.

உடம்பு ஒத்துழைக்காதபோது

சில சமயம் குழந்தைக்கு மனம் இருக்கும், உடம்பு இடம் கொடுக்காது. வயலின் கால், அரை, முக்கால், முழு என்று அளவுகளில் வருகிறது. ‘வளர்ந்தபின் உதவுமே’ என்று எட்டு வயதுக்கு முழு அளவு வாங்கிக் கொடுத்தால் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். புல்லாங்குழலில் கட்டை, அதாவது சுருதி, கூடக் கூடக் குழல் சிறிதாகும். சின்ன விரல்கள் துளையை முழுதாக மூட முடியாத நீளக் குழலைக் கொடுத்துவிட்டுக் காற்றுதான் வருகிறது என்று திட்டுவதில் நியாயமில்லை. பாட்டில் இதே சிக்கல் சுருதியில் வரும். பத்துப் பேர் சேர்ந்து பாடும் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கட்டை. உங்கள் குழந்தை மேல் ச-வில் கத்துகிறதா, கீழ்ப் ப-வில் குரல் காணாமல் போகிறதா என்று கவனித்து டீச்சரிடம் சொல்லுங்கள். வீட்டில் அரைக் கட்டை கூட்டியோ குறைத்தோ பாடச் சொன்னால் ‘எனக்குப் பாட வரல’ என்ற புகார் அன்றோடு போனாலும் போகும்.

பையன்களுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல் உடையும். நேற்றுவரை கணீரென்று பாடியவன் வாயைத் திறந்தால் இரண்டு குரல் வரும். வகுப்பில் பெண்கள் சிரிப்பார்கள். பல பையன்கள் பாட்டை விடுவது இந்த நேரத்தில்தான், காரணத்தைச் சொல்லவும் மாட்டார்கள். முன்கூட்டியே அவனிடம் சொல்லிவையுங்கள்: இது உடம்பு செய்கிற வேலை, சில மாதங்களில் அடங்கும், புதிய கட்டை ஒன்று நிலைக்கும். அதுவரை அழுத்திப் பாடாமல், தாளப் பயிற்சியும் கேள்வி ஞானமுமாக ஓட்டலாம்; ஒரு கருவியைத் தொடவும் இது நல்ல சமயம். கரகரத்த குரலோடு போராடி, விடாத சாதகத்தால் அதைத் தன் வசப்படுத்திய செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயரின் பழைய பதிவு ஒன்றை அவனுக்குப் போட்டுக் காட்டினால், குரல் என்பது பிறவியில் கிடைத்து முடிந்துபோகும் சொத்து அல்ல என்பது புரியும்.

ஆசிரியரும் கட்டணமும்

கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1985-இல் தொகுத்த நூலில், பெரிய பியானோ கலைஞர்களின் குழந்தைப் பருவத்தை விசாரித்தார்கள். அவர்களுடைய முதல் ஆசிரியர் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் இருந்த, பிரியமாகப் பழகிய ஒருவர். மேதைகளிடம் போனது பிற்பாடு. ஊரிலேயே பெரிய வித்வானிடம்தான் சரளி வரிசை தொடங்க வேண்டும் என்று அலைவதைவிட, குழந்தை மறுபடி போக விரும்பும் ஒருவரைத் தேடுங்கள். கிடைத்துவிட்டால் சின்னச் சின்னக் காரணத்துக்கு மாற்றாதீர்கள். ஒவ்வொருவர் பாடாந்தரமும் கொஞ்சம் வேறு; மாறினால் கற்றதைக் கலைத்துப் போட்டுப் புதிதாகக் கற்கவேண்டி வரும், குழந்தைக்கு அது தோல்வி மாதிரித் தெரியும். வகுப்பு முடிந்து அழைத்துவரப் போகும்போது “இந்த வாரம் எதைப் பாக்கணும், டீச்சர்?” என்று ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால், வீட்டுச் சாதகத்தில் பாதிக் குழப்பம் தீரும்.

கட்டணம் சுமையாக இருந்தால் அரசு நடத்தும் ஜவஹர் சிறுவர் மன்றங்களில் விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் பாட்டு, நடனம், ஓவியம் கற்றுத்தருகிறார்கள். 12 வயது தாண்டியவர்கள் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, தேவாரம், நாகஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம் போன்றவற்றை மூன்றாண்டுப் படிப்பாகவே படிக்கலாம்.

நிறுத்தட்டுமா?

ஒன்பதாம் வகுப்பு வந்தால் பாட்டு, பத்தாம் வகுப்பு வந்தால் எல்லாமே என்று நிறுத்துவது நம் ஊர் எழுதாச் சட்டம். பத்தாம் வகுப்பிலும் நாளைக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. வாரம் இரண்டு வகுப்பை மாதம் இரண்டாகக் குறைக்க முடியுமா என்று டீச்சரிடம் கேளுங்கள். புதுப் பாடம் வேண்டாம், தெரிந்த வர்ணங்களை மறக்காமல் வைத்திருந்தால் போதும். ஒரு வருடம் முழுதும் மூடிவைத்த தொண்டை, பரீட்சை முடிந்து திறக்கும்போது தன்னுடைய பழைய அளவையே தேடும். கிடைக்காத வெறுப்பில் பலர் திரும்பி வருவதில்லை.

குழந்தையே “எனக்கு வேண்டாம்” என்று சொன்னால், அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள், அலட்சியப்படுத்தவும் செய்யாதீர்கள். எது வேண்டாம் என்று கேளுங்கள். வகுப்பு நேரம் விளையாட்டு நேரத்தில் விழுகிறதா? கூடப் படிப்பவர்கள் முன்னால் போய்விட்டார்களா? டீச்சர் திட்டினாரா? வீணைதான் பிடிக்கவில்லையா, சங்கீதமே பிடிக்கவில்லையா? முதல் மூன்றுக்கும் வழி இருக்கிறது. வீணையிலிருந்து மிருதங்கத்துக்கு மாறுகிற குழந்தை எதையும் இழக்கவில்லை. சுரமும் தாளமும் கூடவே வரும். ‘இந்த ஸ்வரஜதி முடியட்டும், அப்புறம் பேசலாம்’ என்று ஒரு எல்லை வைத்துக்கொண்டால், சண்டைக்கிடையில் எடுத்த முடிவாக அது இராது. எல்லை வந்ததும் வாக்கைக் காப்பாற்றுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு பாட்டு’ என்று நீட்டினால் அடுத்த முறை உங்கள் பேச்சை நம்பாது.

அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். ஆனால் வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி அனுப்பி முடிக்காமல், குழந்தையையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்ச் சொல்லுங்கள். டீச்சருக்குப் பூ, பழம், பாக்கி இருந்தால் அதுவும். பாட்டு நோட்டைப் பழைய பேப்பரில் போடாதீர்கள், சுருதிப் பெட்டியை விற்காதீர்கள். பதினேழு வயதில் தானாகவே திரும்பி வருகிறவர்களை எல்லா டீச்சருக்கும் தெரியும். அவர்களில் பலர் முதலில் கேட்பது, “விட்ட இடத்திலேர்ந்தே ஆரம்பிக்கலாமா, மிஸ்?” என்பதுதான்.